வெயிலைக் கேட்டோம், பன் வாசனை வந்தது

எல்லாம் தைத்து முடித்த பிறகுதான் தப்பு தெரிந்தது. வெளியே மழை. உள்ளே என் மனசு அதைவிட மோசம்.

சகோதர சகோதரிகளே, நான் டேவிட். சிட்லபாக்கத்தில் டைலர். எட்டாவதில் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு நவம்பர். அஸ்தினாபுரம் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, பாய், போர்வை எல்லாம் நாசம். பிள்ளைகள் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தார்கள். அதில் செல்வி என்று ஒரு குட்டிப் பெண்ணுக்கு வீசிங். குளிர் பட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கேட்டால் நமக்கே மூச்சு முட்டும்.

பழைய காட்டன் புடவைகளை நாலு மடிப்பாக அடுக்கி, கையால் நூலோட்டி, மெஷினில் ஓரம் அடித்துப் போர்வை தைக்கலாம் என்று எங்கள் சபை வாலிபர் கூட்டம் முடிவு செய்தது. என் கடையில்தான் வேலை. சபை அக்காமார் வாரிக் கொடுத்தார்கள். ஆனால் கசங்கிய புடவையைக் கொடுத்தால் மரியாதையா? ஒவ்வொருவரும் துவைத்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊசி ஏற அடம்பிடித்தது. விறைப்பாக இருந்தால் குளிர் உள்ளே வராது என்று நானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றைக் கொண்டுபோய் செல்விமேல் போர்த்தினேன். போர்வை படுக்கவில்லை. தகரம் மாதிரி நின்றது. அடியில் காற்று ஜிலுஜிலு என்று போனது. அவள் தலையை நீட்டிக் கேட்டாள்:

"அண்ணா, இது கதவா?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெருவுக்கு வந்து அழுதேன். அவள் நெஞ்சில் விசில் ஆரம்பித்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் கடைப் பின்பக்கக் குழாயில் அத்தனையையும் அலசினோம். கஞ்சி போனது. ஆனால் நாலு மடிப்புத் துணி, சொட்டச் சொட்ட ஈரம். காயப்போட வெயில் எங்கே? எங்கள் ஸ்டெல்லா அக்கா, ஞாயிறு பள்ளி டீச்சர், ஜெபத்தை ஆரம்பித்தார். "ஆண்டவரே, ஒரே ஒரு பகல் வெயில் தாரும்!" எல்லோரும் தொண்டை கிழியக் கேட்டோம். மழை இன்னும் பலமாகப் பிடித்துக்கொண்டது.

"யக்கா, நாம கேட்டது மேல தலகீழா போயி சேர்ந்துச்சி போல."

"வாய மூடிகினு புழிடா!"

அவர் கண்ணிலும் தண்ணீர். நான் அதோடு கிண்டலை நிறுத்திவிட்டு, பிழிந்துகொண்டே ஜெபித்தேன். "வெயிலோ எதுவோ, செல்வி இன்னிக்கி குளிராம தூங்கணும் ஆண்டவரே." அவ்வளவுதான்.

அப்போது கடையை ஒட்டினாற்போல் இருக்கும் பேக்கரியின் முதலாளி பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, காலையிலேர்ந்து வெயிலு வெயிலுன்னு கத்திகினு கீறீங்க? செவுத்துக்கு அந்தாண்ட காது போவுது. இன்னா மேட்டரு?"

சொன்னேன். அவர் ஈரப் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"பன் போட்டு முடிச்சாச்சி. அடுப்பு ரூம்ல சூடு சும்மாதான கீது? எட்த்தா எல்லாத்தையும்!"

ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு, அந்தக் கம்பிகளில் போர்வைகளைத் தொங்கவிட்டோம். வெளியே ஊரே நனைந்தது. உள்ளே எங்கள் போர்வைகள் கதகதவென்று காய்ந்தன.

விளக்கு வைப்பதற்குள் இல்லத்துக்குப் போனோம். இந்த முறை போர்வை பூனைக்குட்டி மாதிரி அவள்மேல் சுருண்டது. செல்வி மோந்து பார்த்தாள்.

"அண்ணா, உள்ள பன் வெச்சி தெச்சியா?"

மறுநாள் ஆராதனைக்கு வந்த இல்லத்து அம்மா, "விசில் சத்தமே இல்லப்பா. ஓரத்த வாயில வெச்சிகினு தூங்குனா," என்றார். ஸ்தோத்திரம் என்ற வார்த்தையை நான் முழு மனசோடு சொன்னது அன்றைக்குத்தான்.

நாங்கள் வானத்தைப் பார்த்துக் கேட்டோம். கர்த்தர் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டி வைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு மழைக்கும் தைக்கிறோம். பாய் வீட்டுப் புடவைகளும் வருகின்றன. கஷ்டத்தில் இருப்பவர்களே, நம்பிக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள், பக்கத்துக் கடைக்கும் கேட்கட்டும். புடவை தரும் அக்காமார்களே, உங்களுக்குக் கோடி நன்றி. கஞ்சியை மட்டும் நீங்களே குடித்துவிடுங்கள்.