விருந்தாளி இல்லாமல் குதுப்மினார்

எண்பத்து மூன்றாம் வருஷம், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சரோஜினி நகரில் மெஹ்ரோலி பஸ் ஏறினோம், நானும் என் கணவரும். எட்டே கிலோமீட்டர். இந்தப் பயணத்துக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று என்றால் சிரிப்பீர்கள்.

தில்லியில் எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான் குதுப்மினார். இவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் சாப்பிட நான் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பேன். இவர் எத்தனை தடவை பார்த்தாரோ! நான் ஒரு தடவைகூட இல்லை.

மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கிறேன். புதன்கிழமை வாய்மொழிப் பரீட்சை. தேறினால் ஒரு கம்பெனியில் வேலை. "இஹ் வார்", அதாவது "நான் இன்ன இடத்தில் இருந்தேன்" என்று தொடங்கி, போய்வந்த இடத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். கூடப் படிப்பவர்கள் காஷ்மீர் போனதாகக் கூசாமல் புளுகுகிறார்கள். புளுகினால் எனக்குத் தமிழே குழறும், ஜெர்மன் எங்கே வரும்!

"ஆகே சலோ", முன்னே போங்கள், என்று கண்டக்டர் விரட்டியதில் பஸ்ஸின் முன்வாசலுக்கு வந்து இறங்கினோம். நுழைவுச் சீட்டு ஐம்பது பைசா. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாடி! சிவப்புக் கல்லில் அடுக்கடுக்காக எழுத்தும் பூவேலையும், மேலே கிளிக்கூட்டம். இதையெல்லாம் இவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"கவனிச்சதே இல்லம்மா" என்றார். "வந்தவங்க காணாமப் போயிடாமப் பாத்துக்கறதே பெரும்பாடு."

அங்கிருந்த இரும்புத் தூணில் முதுகைச் சாய்த்து, அதைச் சுற்றிக் கைகளைப் பின்னால் கோத்தால் நினைத்தது நடக்குமாம். எனக்கு எட்டவில்லை. பக்கத்தில் ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சிரித்தாள். துணிந்து அவள் மொழியிலேயே, "என் கைகள் குட்டை" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். இதற்கு முன் இங்கே வந்திருக்கிறேனா என்று கேட்டாள். "இல்லை. ஒன்பது வருஷமாகப் பக்கத்தில்தான் வீடு. இன்றுதான் முதல் தடவை" என்றேன். உண்மை என்பதால் தட்டுத் தடுமாறாமல் வந்தது. எனக்கே ஆனந்தம் தாங்கவில்லை.

"என்ன கேட்டா?" என்றார் இவர். கேள்வியையும் பதிலையும் சொன்னேன். முகம் வாடிப்போயிற்று, பாவம்.

பஸ் நிறுத்தத்தில் மெதுவாக ஆரம்பித்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை உன்னைச் செங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்கதான் பாத்துப் பாத்துச் சலிச்சாச்சே. நான் பாட்டுக்குப் போயிட்டு வரேன். நீங்க சமைச்சு வைங்க."

கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர் என் பக்கம் திரும்பினார்.

"சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடணும்?"