கண்ணூறு பட்ட பிக்கப்

கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து ஹுஸ்னி பலாபத்வலயில், பெரிய ரோட்டோரமாக கராஜ் திறந்தபோது ஊர் திரும்பிப் பார்த்தது. எஞ்சினுக்குள் கையை விடாமலே, ஒரு சின்னக் கருவியை வயரால் மாட்டி, நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். மாத்தளை டவுனிலிருந்துகூட இன்ஜெக்ஷன் வாகனங்கள் அவரைத் தேடி வந்தன. மற்ற மெக்கானிக்குகளைக் கூப்பிடுவதுபோல யாராவது "பாஸ்" என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. பாஸ் என்றால் கிரீஸும் சுத்தியலும். தான் வேறு ரகம் என்பது அவர் எண்ணம். அதனால் எல்லாரும் அண்ணன் என்ற முறையில் "நானா" என்றே கூப்பிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வயிறு எரிந்தது முனாஸின் பழைய பிக்கப்பால்.

முனாஸ் விடியற்காலையில் போஞ்சியும் கறிமிளகாயும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போய், பகலில் வெறும் வண்டியோடு திரும்புகிறவன். ஒருநாள் பிக்கப்பின் கம்பியூட்டர் பெட்டி செத்தது. எஞ்சினுக்குள் எப்போது, எவ்வளவு பெற்றோலைப் பீச்ச வேண்டுமென்று கட்டளையிடுவது அந்தப் பெட்டிதான். வாகனச் சாமான் இறக்குமதி இறுகிக்கிடந்த காலம் அது. ஹுஸ்னி கொழும்பெல்லாம் விசாரித்தார். கிடைத்தால் சொல்கிறேன் என்றார். முனாஸ் காத்திருந்தான், போஞ்சி காத்திருக்கவில்லை.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தகரக் கொட்டில் போட்டிருந்த கிஷாந்த், பெட்டியே வேண்டாம் என்றார். மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்து வேன்களையும் ஜீப்புகளையும் திருத்தித் திருத்தியே தொழில் பிடித்தவர். கொஞ்ச காலம் ஹுஸ்னியிடம் கூலிக்கும் நின்றிருக்கிறார். அவர் பெற்றோல் பீச்சும் இன்ஜெக்ஷனை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, உடைத்து விற்ற ஒரு வேனின் கார்புரேட்டரைப் பிக்கப்பில் பொருத்தினார். டாங்கிக்குள் இருந்த பலமான பம்ப்பை எடுத்துவிட்டுச் சின்னப் பம்ப் ஒன்றை வைத்தார். இனிக் கட்டளையிட யாரும் தேவையில்லை. எஞ்சின் மூச்சை இழுத்தால் காற்றோடு பெற்றோலும் தானே போகும்.

எல்ஈடி பல்பைக் கழற்றிவிட்டுக் குப்பி லாம்பு கட்டுகிறான் அந்தத் தோட்டத்துப் பொடியன் என்று ஹுஸ்னி கடைவீதியெல்லாம் சிரித்தார். பொடியனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். தோட்டத்தில் பிறந்தவன் தலை நரைத்தாலும் டவுன்காரனுக்குப் பொடியன்தான். இந்த நியாயத்தை யார் எழுதி வைத்தார்களோ தெரியாது.

ஆனால் குப்பி லாம்பு பிரகாசமாக எரிந்தது. முனாஸ் மறுபடி தம்புள்ளைக்கு ஓடினான். அதைப் பார்த்து இன்னொருவன் தன் வேனைக் கிஷாந்திடம் கொண்டுபோனான். ஹுஸ்னி ஏதாவது காருக்கு அடியில் படுத்திருப்பார். ரோட்டில் ஒரு வாகனம் வேகம் குறைத்தால் அவர் கை நின்றுவிடும். சத்தம் தன் பக்கம் திரும்புகிறதா, எதிர்ப்பக்கமா? எதிர்ப்பக்கமென்றால் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல இருக்கும். முனாஸின் பிக்கப் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அதன் பொனட்டை உற்றுப் பார்த்து, உள்ளே ஏதாவது ஒன்று இற்று விழாதா என்று மனதார வேண்டிக்கொள்வார்.

வேண்டுதல் பலித்ததுபோலத்தான் இருந்தது. தம்புள்ளையிலிருந்து திரும்பும் வழியில், கிஷாந்தின் கொட்டிலை அடுத்து, இரண்டு கராஜிலிருந்தும் தெரியும் கிருஷ்ணம்மாவின் தேத்தண்ணீர்க் கடையில் முனாஸ் நிறுத்துவான். வடை தின்று, பால் சேராத பிளேன்டி குடித்துவிட்டு ஏறினால் பிக்கப் ஸ்டார்ட் ஆகாது. கிஷாந்த் ஓடிவந்து கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். ஸ்டார்ட் ஆகிவிடும். மறுநாள் அதே இடத்தில் அதே கதை. வேறெங்கும் அந்த வண்டி மக்கர் செய்யவில்லை.

கண்ணூறு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றான் முனாஸ். ஒருநாள் கிஷாந்தைக் கூப்பிடாமல் ஓதி ஊதினான், தேசிக்காய் வாங்கிவந்து வண்டியைச் சுற்றி, டயருக்கடியில் வைத்தான். சாவியைத் திருப்பினான், எஞ்சின் உறுமியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? முஸ்லிமும் இந்துவும் சிங்களவரும் வேறு எதில் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போனார்கள். கண் யாருடையது என்பதிலும் சந்தேகம் வரவில்லை. கிருஷ்ணம்மா புருஷனை இழந்தவர், தனியாள், தோட்டத்தை விட்டு வந்தவர். பழியைச் சுமத்த இதைவிட வசதியான தோள் எங்கே கிடைக்கும்? லொறிக்காரர்கள் அவர் கடையில் நிறுத்துவதை விட்டார்கள். த்ரீவீல் பொடியன்கள் அந்த இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வடை சட்டியிலேயே ஆறியது. கடை இருந்த துண்டு நிலம் முனாஸின் மாமனாருடையது. வெள்ளிக்கிழமைக்குள் கடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட வேண்டும் என்று அவர் ஆள் அனுப்பினார்.

பொனட் திறந்திருந்தபோது எட்டிப் பார்த்த ஹுஸ்னிக்கு உண்மை முதல் நாளே தெரியும்.

கிஷாந்த் பெற்றோல் பைப்பைச் சூடான புகைக்குழாயோடு ஒட்டிக் கொண்டுபோயிருந்தார். மிச்சப் பெற்றோல் டாங்கிக்குத் திரும்பும் பைப்பை, கார்புரேட்டருக்கு எதற்கு என்று அடைத்துவிட்டார். தோட்டத்துக் குளிரில் ஓடிய வண்டிகளோடு வளர்ந்தவருக்குத் தம்புள்ளை ரோட்டின் பகல் வெயில் புதிது. வண்டி ஓடும்வரை ஒன்றுமில்லை. சூட்டோடு நிறுத்தினால் பைப்புக்குள் தேங்கிய பெற்றோல் கொதித்து ஆவியாகும். ஆவியைச் சின்னப் பம்ப்பால் தள்ள முடியாது. கொஞ்சநேரம் ஆறவிட்டால் தானே சரியாகும். கார்புரேட்டரைத் துடைக்க எடுத்த நேரத்தில் ஆறியது. தேசிக்காய் வாங்கப் போன நேரத்திலும் ஆறியது. தம்புள்ளைச் சந்தையிலும் வீட்டு வாசலிலும் வண்டி மணிக்கணக்கில் நிற்கும். சூடாக நிறுத்திச் சுருக்காக எடுக்கும் ஒரே இடம் கிருஷ்ணம்மாவின் கடை.

இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொன்னால் கிஷாந்தின் வேலையில் குறையே இல்லாமல் போய்விடுமே.

வியாழக்கிழமை காலை ஹுஸ்னியின் மனைவி றுஸ்னா அவருக்குத் தேத்தண்ணீரை வைத்தபடி, அந்த அம்மா எழும்பினால்தான் ரோட்டுக்கு நல்லது என்றாள்.

"பொறாமக் கண்ணு பொல்லாதது. கருங்கல்லையும் பொளக்குமாம்."

ஹுஸ்னியின் கை கோப்பையோடு நின்றது. பொறாமைக் கண்ணா? இந்த ரோட்டில் அந்தப் பிக்கப்பை அவரளவு பொறாமையோடு பார்த்தவர் யார்? காலையும் பகலும், வாரக்கணக்காக, வஞ்சனையில்லாமல் பார்த்திருக்கிறார். கண்ணுக்கு அந்த வல்லமை இருந்திருந்தால் பிக்கப் இதற்குள் சாம்பலாகி, பக்கத்தில் நின்ற கிஷாந்தின் கொட்டிலும் பற்றியிருக்கும். அவர் கண்ணுக்கு அஞ்சி ஒரு ஆணிகூடத் துருப்பிடிக்கவில்லை. கல்லைப் பிளக்காத அவர் கண்ணின் பழியை வடை சுடுகிற ஒருத்தி சுமந்துகொண்டிருந்தாள்.

அன்று பகல் பிக்கப் மறுபடி நின்றது. முனாஸ் பையிலிருந்து தேசிக்காயை எடுத்தான். கிருஷ்ணம்மா ஒருவரையும் பார்க்காமல் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கிஷாந்த் ஸ்பேனரோடு ஓடிவந்தார். ஹுஸ்னி ரோட்டைக் கடந்தார். காலொன்றும் ஆசையோடு நடக்கவில்லை.

"தேசிக்காய வை முனாஸ். பொனட்டத் தொற. கிருஷ்ணம்மா, ஒரு சாக்கும் தண்ணியும் தாங்க."

சாக்கை நனைத்துப் பெற்றோல் பைப்பின்மேல் சுற்றி, அது சீறச் சீறத் தண்ணீரை ஊற்றினார். பிறகு முனாஸைச் சாவியைத் திருப்பச் சொன்னார். பம்ப் ஒருகணம் திணறியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"தண்ணில ஓதினீங்களா நானா?" என்றான் முனாஸ்.

"வெறும் பைப் தண்ணிடா. கண்ணு கண்ணுங்கிறியே, இந்த ரோட்டுல பொறாமக் கண்ணெண்டா மொதல்ல என்ட கண்ணுதான். கிஷாந்த் இதக் கட்டின நாள்ல இருந்து எரிஞ்சி எரிஞ்சி பார்க்கிறேன். ஒரு நட்டாவது கழண்டிச்சா?"

கிஷாந்தின் கண் பைப்பின் வழியே போய், புகைக்குழாயில் நின்று, அடைத்த முனைக்குத் திரும்பியது. அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ரிட்டர்ன் லைன அடைச்சது என் பிழை நானா," என்றார்.

கிருஷ்ணம்மா சாக்கைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் நன்றியைத் தேடிய ஹுஸ்னிக்கு அது கிடைக்கவில்லை.

"இது எப்பயிருந்து தெரியும் ஒங்களுக்கு?"

ஹுஸ்னி பொனட்டுக்குள் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. பழி சொன்னவங்களுக்காச்சும் தெரியாது," என்றார் கிருஷ்ணம்மா. பிறகு அடுப்பை மறுபடி பற்றவைக்கப் போய்விட்டார்.

கிஷாந்த் அன்றே பைப்பை விலக்கி, திரும்புவழியைத் திறந்துவிட்டார். முனாஸின் மாமனார் மன்னிப்புக் கேட்கவில்லை. இருந்துகொள்ளட்டும் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார். பெரிய மனிதர்கள் செய்த அநியாயத்தை வாபஸ் வாங்கினாலும் அது தருமம்போலவே கேட்கிறது. சில லொறிகள் இன்றைக்கும் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை.

வெயிலிலும் நிற்காத கார்புரேட்டர் என்று கிஷாந்தின் பெயர் தம்புள்ளை ரோட்டில் நாவுல ஊர் வரை பரவிவிட்டது. ஹுஸ்னி பகலில் கிருஷ்ணம்மாவின் கடைக்குப் போகிறார். அந்த அம்மா பிளேன்டியை மேசையில் வைக்கிறார், பேசுவதில்லை. பக்கத்தில் தகரக் கொட்டிலின் முன்னால் வரிசையில் நிற்கும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு காந்தக் காந்த, ஹுஸ்னி அதைக் குடித்து முடிக்கிறார்.