நாயும் உடன் வந்தது

கெங்குவார்பட்டியைத் தாண்டி, மலையடிவாரத்தில் என் நண்பருக்குப் பெரிய மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஓடைக்கரையோரமாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஞாயிறுதோறும் காலையில் நடப்பேன். கண்டதையெல்லாம் தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதுவது என் பழக்கம். எத்தனை மயில், எந்த வளைவில் முள்ளம்பன்றியின் முள் கிடந்தது, யார் உடன் வந்தார்கள் என்பது வரை இருக்கும்.

பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு மருத மரம். அதன் உச்சிக் கவட்டையில் சாம்பல் நிற மலையணிலின் கூடு, இலையும் சுள்ளியுமாக ஒரு பானை அளவுக்கு இருந்தது. சென்ற மாசியில் அந்த மரத்தை வெட்டப்போவதாக நண்பர் சொன்னார். மேல்தோப்புக் காய்களைத் தலைச்சுமையாக இறக்க ஆள் கிடைப்பதில்லை. டிராக்டருக்கு வழி வேண்டும். அதில் நியாயம் இருந்தது.

"கூட்டுல அணில் இருந்தாச் சொல்லுப்பா, வழிய மாத்திக்கிறேன். உன் நோட்டு பொய் சொல்லாதுல்ல?"

நோட்டு பொய் சொல்லவில்லைதான். கார்த்திகையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் 'கூடு: அசைவில்லை' என்றே எழுதியிருந்தேன். அதில் உயிர் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் மனதில் பட்டதை எழுதும் நோட்டு அல்ல அது. எடுத்துக் காட்டினேன்.

"காலி வீடுன்னு நீயே எழுதியிருக்கியே," என்றார். வியாழக்கிழமைக்கு மரம் அறுக்க ஆள் சொல்லியாயிற்று.

பக்கத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஓர் அம்மா, மண்வெட்டியோடு நிமிர்ந்தார். வாரம் முழுக்கத் தோப்பில் வேலை செய்பவர்.

"காலி வீடா? நெதமும் எந்தலையில சுள்ளியப் போடுது!"

"பதினாலு வாரமா நான் பார்க்கலையேம்மா."

"எப்படிப் பாப்பீக? செவலையக் கூட்டிக்கிட்டுல்ல போறீக. அது கொலைக்கிற கொலைப்புக்கு நானே மரத்துல ஏறிருவேன்."

நண்பர் வெடித்துச் சிரித்தார். செவலை அவருடைய காவல் நாய். நான் நடக்கக் கிளம்பினால் முன்னால் ஓடும். நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்திலேயே இருந்தது: 'நாயும் உடன் வந்தது.'

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். செவலையைக் கட்டிப்போட்டுவிட்டு மூவரும் போய் ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். ஏழேகால் மணிக்கு ஒரு மாங்கிளை தாழ்ந்து எழுந்தது. நீண்ட வால் தொங்க, வாயில் பச்சைச் சுள்ளியோடு அணில் மருதத்துக்குத் தாவியது. நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சத்தங் காட்டாதீக மொதலாளி," என்றார் அந்த அம்மா. அணில் கூட்டுக்குள் நுழைந்ததும், "வீட்டுக்காரவுக வந்துட்டாக. பட்டா யாரு பேருலன்னு கேளுங்க," என்றார்.

நண்பர் அங்கேயே கைபேசியை எடுத்து, மரம் அறுப்பவரை வர வேண்டாம் என்றார். டிராக்டர் வழி இப்போது சற்றுக் கீழே வளைந்து போகிறது. அதற்காக வயதான ஒரு மாமரம் போயிற்று. அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

பங்குனியில் கூட்டிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைதான். 'நாய் கட்டப்பட்டிருந்தது' என்பதையும் எழுதிக்கொண்டேன்.