வினிதாவின் பதினைந்து நிமிடம்

இடது கை டிஜே கருவியின் வட்டத் தட்டின் விளிம்பை இரண்டு விரலால் நிறுத்திப் பிடித்திருந்தது. வலது கை நடுவிலிருந்த குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியது. ஒரு பாட்டின் தவில் இறங்கி இன்னொரு பாட்டின் டிரம்ஸ் ஏறவேண்டிய இடம் அது. இரண்டும் கொஞ்ச தூரம் தோளோடு தோளாக நடந்து, அதன்பிறகே ஒன்று விலக வேண்டும். மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்ட கைப்பேசி அந்தக் கைகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பதினோராவது நிமிடம். இடது கை தட்டை விட்டது. தவிலும் டிரம்ஸும் சேர்ந்து நடந்தன.

கரன்ட் போனது.

"நாசமாப் போக!" என்று வினிதா கத்தினாள்.

"யாரடி வையிற?" அடுப்படியிலிருந்து அம்மா சுப்புத்தாய் கேட்டாள்.

"கரன்ட்ட."

"அதான் நேத்தே ஆட்டோவுல மைக்கக் கட்டிச் சொல்லிட்டுப் போனானே, இன்னைக்கு ஒம்பது மணியிலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இருக்காதுன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் காதுல அந்தக் கிண்ணத்த மாட்டிக்கிட்டுத் திரியிறியே, எந்தக் காதுல சொல்ல?"

மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருடமாகிறது. கரன்ட் வருவது ஐந்து மணிக்கு. திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் போட்டிக்கான பதிவை நேரில் கொடுக்கக் கடைசி நேரமும் அதே ஐந்து மணி.

சின்னாளபட்டியில் தறிக்காரர் வீட்டுப் பெண் டிஜே ஆக வேண்டும் என்று எந்தத் திட்டமும் போட்டதில்லை. கல்லூரி விடுமுறையில் செம்பட்டித் தாய்மாமன் சோலைமலையின் சவுண்ட் சர்வீசில் வயர் சுற்றப் போனாள். ஒரு கல்யாண வரவேற்பில், மதுரையிலிருந்து வரவேண்டிய டிஜே வரவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் நின்று கூச்சல் போட, வினிதா ஏறிப் பாட்டைப் போட்டாள். நாலு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் மாமா செட்டோடு சேர்த்துக் கூப்பிடுகிறவர்கள்தான் உண்டு. தனியாக அவளைக் கூப்பிட போன் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எந்தப் போட்டியில ஜெயிச்சிருக்கீங்க?"

சரி, போட்டிக்கே போவோம் என்று போனாள். முதல் போட்டியில் இணையத்தில் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைக்க வேண்டும். ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகன் ஜெயித்தான். துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பில்லோடு ஓட்டுப் போடும் லிங்க்கையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது போட்டியில் அவள் அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, யாரிடம் செய்து வாங்கினீர்கள் என்று எழுதிக் கேட்டு ஒதுக்கிவிட்டார்கள். தப்பாக வாசித்திருந்தால் சேர்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

இது மூன்றாவது. பதினைந்து நிமிடம், வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். வாசிக்கும் கை படத்தில் தெரிய வேண்டும். இந்த விதியைப் படித்தபோதுதான் வினிதாவுக்கு மறுபடியும் ஆசை வந்தது. ஜெயித்தால் ஒரு வருடத்துக்கு அந்த ஹோட்டலின் விழாக்கள் எல்லாம் அவளுக்கு. இதிலும் ஒன்றும் ஆகாவிட்டால் மில் ஆபீஸ் வேலையில் சேருவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு செம்பட்டிக்குப் பஸ் ஏறினாள். மாமாவிடம் ஜெனரேட்டர் உண்டு. போய்ப் பார்த்தால் அது வளைகாப்பு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் திரும்பி வந்து இறங்கும்போது மணி இரண்டே முக்கால். மாமா கடையில், மூக்கில் நுழையும் டீசல் வாடையில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே மேசையைப் போட்டுக் கைப்பேசியைக் கட்டினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

சோலைமலை ஜெனரேட்டரைக் கிளப்பினார். வினிதா தட்டில் கையை வைத்தாள். அவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையார் பாட்டு?"

"மாமா, இது விசேஷ வீடு இல்ல. ரெக்கார்டிங். ஸ்பீக்கர்ல சத்தமே வராது."

"செட்டுன்னு ஒண்ணத் தொறந்தா மொதப் பாட்டு அவருக்குத்தான். வீட்டுல காலையில போட்டியா?"

"இல்ல."

"அதான் கரன்ட் போச்சு."

"அது மாசாமாசம் பராமரிப்புக்கு நிறுத்துறது மாமா!"

"நிறுத்துனது அவங்க. நீ பதினோரு நிமிஷத்துல நிக்கிறப்ப நிறுத்த வச்சது யாரு?"

இதற்கு மேல் பேசினால் மணி நாலாகிவிடும். பாட்டைப் போட்டார். இரண்டு நிமிடம் போதும் என்றாள்; பிள்ளையாரைப் பாதியில் அறுக்கக் கூடாது என்றார். ஆறு நிமிடப் பாட்டு. வினிதா நின்றபடியே கேட்டாள். சோலைமலை கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் காவல் இருப்பதாகச் சொல்லி வெளியே போனார்.

ஆரம்பித்தாள். முதல் மாற்றம் நன்றாக விழுந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக. காலையில் உடைந்த தவில் இடத்தை நெருங்கும்போது கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் எவர்சில்வர் தட்டோடு உள்ளே வந்தார். கீரனூர் பக்கத்துப் பொம்மையன்; பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, செட்டு இங்கதானுங்களே? முன்பணம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. இந்த டிஜே கீஜேயெல்லாம் வேண்டாமுங்க, சாமிப் பாட்டு மட்டும் போதும்."

வினிதா மாமாவைப் பார்த்து முறைத்தாள். அவர் வாசலிலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஜெனரேட்டருக்கு ஊற்றியதில் முழங்கை வரைக்கும் டீசல்.

"வெத்தலையோட வந்தவர எப்படித்தா திருப்பி அனுப்ப? நீ வாங்கிக்க. கீழ வைக்க விடாத!"

பொம்மையன் தட்டை நீட்டினார். சரியாகக் கைப்பேசிக்குக் கீழே, வினிதாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே முன்பண உறை. அவர் நகரவும் இல்லை, வைக்கவும் இல்லை. பெண்பிள்ளை கூச்சப்படுகிறது என்று நினைத்து, வாங்கிக்கச் சொல்லித் தலையை ஆட்டிச் சிரித்தார். இடது கையால் வாங்க முடியாது. வலது கை குமிழில் இருக்கிறது. டிரம்ஸ் ஏற இன்னும் எட்டுத் தாள அடி.

வலது கையை எடுத்தாள். தட்டை வாங்கி, கண்ணில் ஒற்றி, மேசை ஓரத்தில் வைத்தாள். அதற்குள் இடது கை, கட்டை விரலால் வட்டத் தட்டை அழுத்திக்கொண்டு சுண்டுவிரலை நீட்டிக் குமிழைத் தள்ளியது. தவில் இறங்கியது, டிரம்ஸ் ஏறியது. வலது கை திரும்பி வந்து சேர்ந்தது.

பதினைந்தாவது நிமிடம் முடிந்ததும் வினிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாட்டு நிக்கலையே? அப்பறம் என்ன?" என்றார் சோலைமலை.

"படத்துல வாழப்பழம் தெரியுது மாமா!"

"நல்ல சகுனந்தான."

இன்னொரு தடவை எடுக்கலாம் என்றால் பஸ் போய்விடும். பழைய கணினி அந்தப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. பஸ்ஸில் ஹெட்போனை மாட்டி அந்த இடத்தை நாலு தடவை கேட்டாள். குறை கண்டுபிடித்தே தீருவது என்று கேட்டாள். கிடைக்கவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஹோட்டலில் மேசைக்குப் பின்னால் இருந்த இனிகோ என்ற இளைஞன் பதிவைச் சரிபார்க்கப் பென்டிரைவைச் செருகி, இங்கும் அங்குமாக ஓட்டிப் பார்த்தான். மணி நாலே முக்கால்.

"மேடம், நடுவுல இது என்ன?"

"வெத்தலை பாக்கு."

"எதுக்கு?"

"புக்கிங். காதுகுத்துக்கு."

அவன் ஒரு முறை அவளைப் பார்த்தான். "வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதேவா? இதக் கட் பண்ணிட்டுக் குடுத்திருக்கலாமே?"

"கட் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

அவன் பின்னால் ஓட்டி, ஹெட்போனை மாட்டி, அந்த இடத்தை மட்டும் கேட்டான். மறுபடியும் ஓட்டிக் கேட்டான். பென்டிரைவைக் கழற்றி அவளிடமே திருப்பித் தந்து, ஒரு உறையும் பேனாவும் நீட்டினான். பேர், ஊர், நாற்பத்தொன்று என்ற போட்டியாளர் எண். வினிதா எழுதி, பென்டிரைவை உள்ளே போட்டு, ஓரத்தை நக்கி ஒட்டி, பெருவிரலால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள்.

"இந்தாங்க" என்று வலது கையால் கொடுத்தாள்.