குழாயடியம்மன்

போன மாதம் எங்கள் வேளச்சேரி அடுக்குமாடிக்கு மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய் மழைநீர் சேகரிப்புக் குழிகளைப் பார்ப்பது அவர்கள் வேலை. எங்கள் சங்கச் செயலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் பக்காவா இருக்கு சார். வேணும்னா போட்டோ காட்டறேன்" என்றார். குழி இருக்க வேண்டிய இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள் அழகாக நின்றுகொண்டிருந்தன. "போட்டோ எதுக்கு சார்? ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாத்துடலாமே" என்றேன் நான். செயலாளரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

சித்தப்பாவுக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தால், அது அவருக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்த குடும்பம் எங்களுடையது. கடை உஸ்மான் ரோட்டில், வீடு அதற்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில். கல்லாவில் உட்கார்ந்தது அப்பா. கடையையும் வீட்டையும் அப்பாவையும் நடத்தியது அப்பாவின் தம்பியான சித்தப்பா. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து பல்வலி வரைக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். "நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் சொல்லிவிட்டால் அப்பா அதற்குமேல் எதையும் பார்க்க மாட்டார்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது நகரம் பூராவும் தண்ணீர்ப் பஞ்சம். குழாயைத் திறந்தால் ஒரு சீறல் மட்டும் வரும். ஊருக்கெல்லாம் பித்தளைக் குடம் விற்ற குடும்பம், பிளாஸ்டிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. காத்து நின்றது என்றால் அம்மா நின்றாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் நின்றேன்.

வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அதில்தான் இறைத்தாளாம். அந்தப் பஞ்சத்தில் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு ரப்பர் பந்தும் காது போன வாளியும் தெரியும். சித்தப்பாவின் கண் அந்த இடத்தின் மேல் இருந்தது. "செத்த கிணறு மைனி. மேல ஒரு ஸ்லாப்பப் போட்டு, நாலு சுவரு எழுப்பினா கல்யாண சீசன் சரக்க பூரா அடுக்கிரலாம்" என்று அண்ணியான அம்மாவிடம் சொல்வார். அம்மா கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் அப்பாவுக்குச் சோறு போடும்போது மட்டும், "மாடியில விழுற மழைய அந்தக் கிணத்துல விட்டா ஊறாதா? அதப் போயி மூடணும்ங்காகளே" என்றாள். "தம்பிகிட்ட சொல்லு" என்றார் அப்பா. அம்மா சொன்னாள். சித்தப்பா சிரித்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சி உத்தரவு வந்தது. ஒவ்வொரு வீட்டு மொட்டை மாடி மழைத் தண்ணீரும் குழாய் வழியாக நிலத்துக்குள் இறங்க வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். இல்லாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்பார்கள்.

"வராத தண்ணிய எப்படிண்ணே வெட்டுவாக?" என்றார் சித்தப்பா.

"கனெக்ஷன் போச்சுன்னா லாரியும் வராதுடே" என்றார் அப்பா. அரசாங்க முத்திரை எதைப் பார்த்தாலும் அவருக்கு வியர்த்துவிடும்.

குழி வெட்டினாலும் சரி, கிணற்றுக்குக் குழாய் விட்டாலும் சரி, சித்தப்பாவின் சரக்கறை அம்போதான். அதனால் அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து ஒரு பிளம்பரை வரவழைத்து, மாடியிலிருந்து பின்கட்டுத் தரை வரைக்கும் புத்தம் புதுக் குழாய் போடச் சொன்னார். குழாயின் முனை ஒரு சாண் மண்ணுக்குள் போனது. அதன்மேல் ஒரு சிமென்ட் மூடி. பிளம்பர் மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பைப்பு கீது, மூடி கீது. பள்ளம் எங்க கீது?"

"பைப்பு மண்ணுக்குள்ள போகுதுல்லா? போதும்."

"அப்போ தண்ணி எங்க போவும்?"

"அது தண்ணி பாடு" என்றார் சித்தப்பா.

எல்லாம் திவ்வியமாக முடிந்தது என்று நினைத்திருந்தபோது பக்கத்துத் தெருவிலிருந்து செய்தி வந்தது. வருகிற அதிகாரி ஒரு பெண், பார்த்தால் சாது, ஆனால் எல்லா வீட்டிலும் மூடியைத் திறக்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை எங்கள் தெரு. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா காப்பி ஆறுகிற வரைக்கும் யோசித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், வரலட்சுமி நோன்புக்காக வந்திருந்த பித்தளை அம்மன் முகங்களில் ஒன்றை எடுத்துவந்தார்.

மூடியின் மேல் ஒரு செங்கல்லை நிறுத்தினார். அதில் முகத்தைக் கட்டி, மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகினார். பக்கத்தில் சூலம் ஒன்றை நட்டு எலுமிச்சம்பழம் குத்தினார். சூலமும் கடைச் சரக்குதான். கண் மூடித் திறப்பதற்குள் எங்கள் பின்கட்டில் ஒரு கோயில் வந்துவிட்டது.

"சாமி வெளையாட்டு வேண்டாம்டே" என்றார் அப்பா.

"ஆடி மாசம்ண்ணே. அம்மன் உக்காந்த இடத்தத் தூக்கச் சொல்ல எந்த ஆபீஸருக்கு தைரியம் வரும்?"

"இது எந்த அம்மன் சித்தப்பா?" என்று நான் கேட்டேன்.

சித்தப்பா குழாயை ஒருமுறை பார்த்தார். "குழாயடியம்மன்" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

மறுநாளே பக்கத்து வீட்டு மாமி செம்பருத்திப் பூவோடு வந்துவிட்டாள். "உங்காத்துல அம்பாள எழுந்தருளப் பண்ணிண்டு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்று அம்மாவைக் கடிந்துகொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். நானும் கூடவே சுற்றினேன். எனக்கு அம்மனிடம் ஒரு வேண்டுதல் இருந்தது. இடுப்பு வரைக்கும் தலைமுடி, அதை அலசிக் குளித்து வெகுநாளாகியிருந்தது. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண்கூடத் தள்ளி உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

அம்மாவோ அந்த வாரம் தண்ணீர் விஷயத்தில் இன்னும் கறாராக இருந்தாள். குடம் குடமாகத் தண்ணீரை நிரப்பி, தட்டுப் போட்டு மூடி, அடுப்படியில் வரிசையாக வைத்திருந்தாள். "தொடப்படாது. வெள்ளிக்கிழமைக்கு" என்பாள். தட்டுக் கழுவத் தண்ணீர் ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் வாழையிலை போட்டாள். ஏதோ விசேஷம் என்று அப்பா சந்தோஷமாகச் சாப்பிட்டார். வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா மண்வெட்டியோடு பின்கட்டில் நின்று தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மன் இருக்குத இடம்லா, ஏட்டி. சுத்தமா கெடக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெண் அதிகாரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை, வெயிலில் கறுத்த முகம். சித்தப்பா பட்டு வேட்டியில் நெற்றி நிறையத் திருநீற்றோடு எதிர்கொண்டார்.

"மழைத்தண்ணிக் குழி எங்க சார்?"

"அதுக்கு மேலதான் மேடம் அம்மன் உக்காந்திருக்கா. ஆடி மாசம் பாருங்க. மூடியத் தூக்கினா குடும்பத்துக்கு ஆகாது."

அதிகாரி சூலத்தையும் எலுமிச்சம்பழத்தையும் ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார். சித்தப்பா அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"சாமியத் தூக்கச் சொல்ல நான் யாரு சார்? தூக்க வேணாம்" என்றார் அதிகாரி. பிறகு குழாயை அடியிலிருந்து மாடி வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். "ஆனா தண்ணி உள்ள போவுதான்னு நான் பாக்கணுமே. அதுக்கு இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

"மழை பெய்யட்டும் மேடம், தாராளமா வந்து பாருங்க. இந்தப் பஞ்சத்துல மழைக்கு எங்க போக? அம்மன்தான் மனசு வைக்கணும்" என்றார் சித்தப்பா.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வெளியாள் முன்னால் அம்மா பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆடி வெள்ளிக்கு அம்மன குளிர வைக்க தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். மாடியிலருந்தே ஊத்துவோம்."

"மைனி, இந்தப் பஞ்சத்துல போயி..." என்று சித்தப்பா இழுத்தார்.

"அம்மனுக்குத்தான தம்பி?" என்றாள் அம்மா.

சித்தப்பா வழிவிட்டு ஒதுங்கினார். அம்மாவும், பூவோடு வந்திருந்த மாமியும், அப்பாவும் குடங்களை மாடிக்குச் சுமந்தார்கள். பிறகு அம்மாவை மட்டும் மேலே விட்டுவிட்டு, மற்றவர்கள் அம்மன் குளிர்வதைப் பார்க்கக் கீழே வந்து நின்றார்கள். முதல் குடம் தடதடவென்று குழாயில் இறங்கியது. மூடிக்கு அடியிலிருந்த மண் அதைக் குடித்துவிட்டது. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா?" என்றார். இரண்டாவது குடம் விழுந்தபோது மூடிக்குக் கீழே யாரோ கொப்பளிப்பதுபோலச் சத்தம் கேட்டது. மூன்றாவதில் மூடி ஆடியது. அம்மன் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அடுத்த குடத்துக்குச் செங்கல்லோடு மல்லாந்துவிட்டாள். நாலா பக்கமும் தண்ணீர் பொங்கியது. குழாயின் மூட்டு ஒன்று விட்டுப்போய்ச் சித்தப்பாவின் பட்டு வேட்டி தொப்பலாக நனைந்தது.

"அம்மன் குடிக்க மாட்டேன்றாங்களே சார்" என்றார் அதிகாரி.

அம்மா நிறுத்தவில்லை. மேலே அவள் பாட்டுக்குக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சளும் குங்குமமும் கரைந்த தண்ணீர் கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாமல் தரையில் நின்றது. பிறகு வழி தெரிந்துவிட்டதுபோல ஒரு பக்கமாக ஓட ஆரம்பித்தது. நேராகக் கிணற்றடிக்குப் போனது. கிணற்றுச் சுவரின் அடியில் ஒரு செங்கல் பெயர்ந்திருந்த இடத்தில் நுழைந்தது. உள்ளே, ரொம்பக் கீழே, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

இன்னொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பார். சித்தப்பா ஈர வேட்டியோடு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார்.

"ஆத்தா வழி காட்டிட்டா! கிணத்துக்குத்தான் போவேன்னு சொல்லுதா!"

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி மட்டும் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் வாரைச் சரி செய்தபடி குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்போ அம்மன் சொன்னபடியே கிணத்துக்கு பைப்ப விட்டுடுங்க சார். கிணத்த மட்டும் மூடிடாதீங்க, சாமி குத்தம் ஆயிடும். நான் அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

தானே உட்கார வைத்த அம்மனின் வாக்கை, அதுவும் தன் வாயாலேயே சொன்ன வாக்கை, சித்தப்பாவால் மீற முடியவில்லை. "சரக்குக்கு வேற எடம் பாத்துக்கிடுவோம்டே" என்று அப்பா முதல் முறையாக ஒரு முடிவெடுத்தார். பிளம்பர் திரும்ப வந்து, "அன்னிக்கே கேட்டேன்ல அண்ணாச்சி, தண்ணி எங்க போவும்னு?" என்று சிரித்துக்கொண்டே குழாயைக் கிணற்றுக்குத் திருப்பினார். அடுத்த வாரம் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகும்போது அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கிணற்றில் ரப்பர் பந்து மிதந்து மிதந்து மேலே வந்தது. அம்மா புதுக் கயிறு வாங்கிவரச் சொல்லி, முதல் வாளியை இறைத்து என் தலையில் ஊற்றினாள். தெருவில் இன்னும் பல வீட்டுக் கிணறுகளுக்குக் குழாய் போனது. அதெல்லாம் தன்னால்தான் என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்கிறார். ஒரு வகையில் பார்த்தால் அது பொய்யும் இல்லை. இத்தனை பஞ்சம் வந்து போன பிறகும் அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

எனக்கு மட்டும் குழாயடியம்மன் மேல் பல வருஷம் அசையாத நம்பிக்கை இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தினாலே முதுகில் ஒன்று வைக்கிற அம்மா, அத்தனை குடத்தை எப்படி மனம் வந்து கவிழ்த்தாள் என்று நான் கேட்கவில்லை. கிணற்றுச் சுவரில் அந்தச் செங்கல் எப்போது பெயர்ந்தது என்றும் கேட்கவில்லை. அன்று தண்ணீர் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் மல்லாந்து கிடந்த அம்மனைப் பார்த்துக் கும்பிட்டோம். அம்மா கும்பிடவில்லை. மாடிச் சுவரில் சாய்ந்து, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமி நேரில் வந்திருக்கிறது, ஒரு கும்பிடுகூடப் போடத் தோன்றவில்லையே இவளுக்கு என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.