மைக் செட்டுக்காகக் கழற்றிய சைரன்

கிரீஸ் வாடை அடித்தால் எனக்கு அப்பா ஞாபகம்தான். ஷட்டர் சங்கிலிக்குப் பூசுகிற அந்தக் கறுப்பு கிரீஸ் அவர் சட்டைக் கையிலும், சில நாள் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பிலும்கூட ஒட்டியிருக்கும். எண்பதுகளில் கிருஷ்ணகிரிப் பக்கத்து அணை ஒன்றில் அவர் இன்ஜினியர். கரை ஓரத்திலேயே எங்கள் 'குவார்ட்டர்ஸ்'. "சைரன் ஊதாம ஷட்டரைத் தொடாதே" என்று ஷட்டர் திருப்புகிற லஸ்கர் பாஷா பாயிடம் தினமும் சொல்லுவார். "என் நிக்காஹுக்கு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க சார்" என்று பாய் சிரிப்பார்.

நான் ஆறாவது படித்த வருஷம், பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு பெரிய மனிதர் வருவதாக விழா ஏற்பாடு செய்தார்கள். அவருக்குப் பின்னால் தண்ணீர் விழுவது போட்டோவில் தெரிய வேண்டுமாம், அதற்காகப் பந்தலை அணைக்குக் கீழே ஆற்று மணலிலேயே போட்டார்கள். ஓர ஷட்டரை ஒரு சாண் தூக்கினால் போதும், பந்தல் பக்கம் தண்ணீர் வராது என்பது மேலதிகாரியின் கணக்கு. அப்பா இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லை. மைக் செட்டுக்குக் கரண்ட் போதவில்லை என்று சைரன் ஒயரையும் கழற்றி அதற்குக் கொடுத்து, சைரன் கம்பத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டவைத்துவிட்டு, "ரெண்டு நாள்தானேய்யா" என்றார் அந்த மேலதிகாரி.

விழாவுக்கு முந்தின நாள் காலையே கர்நாடகத்து மழை எங்களிடம் வந்து சேர்ந்தது. செந்தண்ணீர் அளவுக் கல்லின் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பாய் ஓடி வந்தார். "சார், ஏறிக்கினே கீது சார்." அப்பா மேலதிகாரிக்குப் போன் செய்தார். பெரியவர் வருகிறவரை ஒரு சொட்டு இறங்கக் கூடாது என்று பதில் வந்தது.

"கரை ஒடைஞ்சா அவரா வந்து மண்ணு கொட்டுவாரு?" என்று கேட்டுவிட்டு அப்பா போனை வைத்தார்.

கீழே பந்தல்காரர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊதச் சைரன் இல்லை. அப்பா சைரன் அறைக்குள் ஓடி, அங்கே வைத்திருந்த மைக்கைப் பிடித்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கத்தினார். "தண்ணி தொறக்கப்போறோம்! கரை ஏறுங்க!"

கீழிருந்து ஒருவன், "டெஸ்டிங் போதும் சார், ஒரு பாட்டு போடு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

கெட்ட வார்த்தையே பேசாத அப்பா அப்போது திட்டிய திட்டு நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அலறியது. அதற்குப் பிறகுதான் ஓடினார்கள். கடைசி ஆள் கரை ஏறியதைக் கண்ணால் பார்த்தபின்தான், "பாய், தூக்கு!" என்றார். பந்தல், தோரணம், பெரியவருக்கான வெல்வெட் நாற்காலி எல்லாம் எங்கள் கண் முன்னால் புரண்டு போயின. ஆள் ஒருவரும் போகவில்லை.

அதை எந்த நாயும் கேட்கவில்லை. யார் உத்தரவில் திறந்தாய், அரசு விழா மைக்கில் ஏன் ஆபாசமாகப் பேசினாய் என்று கேட்டுத்தான் 'மெமோ' வந்தது. சென்னையில் வரைபட அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை பழைய வரைபடங்களைச் சுருட்டிக் கட்டிவைப்பதுதான் அவருக்கு வேலை. ஒரு ஷட்டரையும் அவர் மறுபடி தொடவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். மேலேயுள்ள கம்பெனிகளின் கழிவு ஆற்றில் நுரையாக மிதக்கிறது. எங்கள் 'குவார்ட்டர்ஸ்' இடிந்து கிடக்கிறது. அந்த விழாவுக்காக வைத்த கல்வெட்டில் பெரியவர் பெயர் மட்டும் பளபளக்கிறது. பந்தல் போட்ட அதே மணலில், இப்போது விழாக்களுக்கென்றே சிமென்ட் மேடை கட்டியிருக்கிறார்கள். அதில் ஏறி நின்று அணையைப் பார்த்தேன். சைரன் கம்பம் இருக்கிறது. அதில் இன்னமும் குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.