ராயப்பேட்டை உலக சாம்பியன்ஷிப்பும் என் மூன்று நிபந்தனைகளும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ராயப்பேட்டைக்குப் போனதற்கு ஒரே காரணம் வம்பு. எங்கள் திருவான்மியூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சுவரொட்டி: 'மாபெரும் உலக கேரம் சாம்பியன்ஷிப், ராயப்பேட்டை. நுழைவுக் கட்டணம் ரூ. 50.' ஒரே நாட்டுக்குள் ஆடிவிட்டு உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்கள் ஒரே தெருவுக்குள் ஆடுகிறார்கள்! கிழித்துத் தொங்கவிட்டு ஒரு பதிவு எழுதுவதென்று முடிவு செய்து, நோட்டில் மூன்று நிபந்தனைகள் எழுதிக்கொண்டேன். எத்தனை நாடுகள்? தகுதிச் சுற்று உண்டா? நடுவர் வெளியாரா?

காலை 9.10-க்குப் பேருந்து, சீட்டு 20 ரூபாய். எட்டரை கிலோமீட்டர்தான், ஆனால் மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதால் 55 நிமிடம் ஆனது. மணிக்கூண்டில் இறங்கி நானூறு மீட்டர் நடந்தால் ஒரு தையல் கடை. அதன் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, நான்கு போர்டுகள், ஒவ்வொன்றின் மேலும் தொங்கும் ஒரு பல்ப். உலகம் அவ்வளவுதான்.

கடைக்காரர் பஷீர் பாய்தான் அமைப்பாளர், நடுவர், டீ வாங்கி வருபவர். பார்க்க இலவசம், ஆடத்தான் ஐம்பது ரூபாய். கல்லூரியில் கேரம் ஆடிய திமிரில் ஐம்பதைக் கொடுத்தேன். எதிரே தனம் என்ற பெண்மணி உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். பவுடரை ஒரு தட்டு தட்டினார், ஸ்ட்ரைக்கரை வைத்தார். பதினாலு நிமிடத்தில் நான் ஒரு பாயிண்ட்கூட எடுக்காமல் எழுந்தேன்.

அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு மணிக்கு, இறுதி ஆட்டத்துக்கு முன் டீ வந்தபோது, பாயிடம் நோட்டை நீட்டிச் சத்தமாகவே சொன்னேன்: "ஒரு வெளிநாட்டுக்காரர்கூட இல்லை. இது எப்படி உலகப் போட்டி? வெறும் ஏரியா போட்டி."

சொல்லி முடிப்பதற்குள் குமார் துள்ளி எழுந்தார். தனத்தோடு இறுதி ஆட்டம் ஆட வேண்டியவர் அவர்தான். போன இரண்டு வருடமும் தனத்திடம் தோற்றவரும் அவர்தான்.

"சார் சொல்றது கரெக்ட்டு! ஏரியா மேட்ச்னா ஏரியா ரூல்தான். ரேசன் கார்டுல ராயப்பேட்ட அட்ரஸ் இருக்கணும். தனம் அக்கா கார்டு பெரும்பாக்கம். நான்தான் வின்னரு!"

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா சார் இப்டி பண்ட்ட? ஆத்தோரம் இருந்தவங்க வூட்டெல்லாம் இடிச்சி, ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துக்கு அனுப்ட்டாங்க. பாதி பிளேயருங்க காலி. ரூல மாத்தலாம்னா கமிட்டில அடிதடி. ஒருத்தனும் ஒத்துக்கல. சரி, ரூலு அப்டியே இருக்கட்டும்னு பேர மாத்திட்டேன். ஒலகம்னா யாரு வோணா வரலாம்ல?"

தனம் என்னைப் பார்த்தார். "ரெண்டு பஸ்சு மாறி, ரெண்டு மணி நேரம் நின்னுகினே வந்துக்கிறேன். அங்க பக்கத்து வூட்டுல யாருன்னுகூட தெர்ல சார். வர்சத்துல ஒரு நாளு எங்க ஏரியாக்கு வந்து ஆடறேன். அதுக்கும் வேட்டு வெச்சிட்டியே, நல்லா இருப்பியா?"

எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆட்டத்தில் முட்டை வாங்கியதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"நான் சொன்னது தப்பு. யாரையும் வராதே என்று சொல்லாத போட்டிதான் உலகப் போட்டி. எத்தனை நாடு வந்தது என்பது கணக்கில்லை," என்றேன்.

குமார் விடவில்லை. "வாயால சொன்னா? எய்திக் குடு சார்."

மூன்று நிபந்தனைகளையும் அடித்துவிட்டு, சொன்னதை அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே பதவி வேண்டும் என்றார் பாய். யோசித்து, 'வெளியூர் வீரர், அடையாற்றுக்கு அந்தப் பக்கம்' என்று எழுதினேன். பாய் அதை வாங்கி, சுவரில் போட்டி அட்டவணைக்கு மேலே ஒட்டினார். குமார் மூன்று முறை படித்துவிட்டு முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

12.40-க்குத் தொடங்கிய ஆட்டம் 1.35 வரை போனது. குமார் நன்றாகவே ஆடினார், 25 எடுத்தால் வெற்றி என்ற ஆட்டத்தில் 21-ல் இருந்தார். கடைசிச் சுற்றில் தனம் சிவப்புக் காயைப் போட்டு, அது செல்லுபடியாக அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவையும் கையோடு போட்டு ஜெயித்தார். கொட்டகையே கத்தியது, நானும் கத்தினேன். முதலில் கைகொடுத்தவர் குமார்தான். கோப்பை ஒரு சாண் உயரம், 'உலக சாம்பியன்' என்று பொறித்திருந்தது. அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த வர்சமும் வா சார், நோட்டு மட்டும் எடுத்தாராத," என்று சொல்லிவிட்டுத் தனம் பேருந்து பிடிக்க ஓடினார்.

அடுத்த வருடம் நீங்களும் போவதாக இருந்தால் பத்து மணிக்குள் போய்விடுங்கள், பல்ப் நன்றாக எரியும் போர்டு கிடைக்கும். ஸ்ட்ரைக்கர் அங்கேயே தருவார்கள். மதியம் பிரியாணி 120 ரூபாய், பக்கத்துச் சந்தில். சில்லறையாக ஐம்பது ரூபாய் எடுத்துப் போங்கள். முகவரிச் சான்று எதுவும் தேவையில்லை.